அடித்தவர் பேர்

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர், தாத்தா காலத்துப் பொருள்கள் இரண்டை என் முன்னால் எடுத்து வைத்தார். ஒன்று உரிமத்தோடு அவர் வைத்திருக்கும் வெப்ளி ரிவால்வர். இன்னொன்று வேட்டைக் கத்தி. இரண்டிலும் இருக்கும் முத்திரைகளைப் படித்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை.

ரிவால்வரில் முத்திரைகள் நிறைய. குழாயில் ஒன்று, சட்டத்தில் ஒன்று, உருளையின் ஒவ்வொரு அறைக்கும் ஒன்று. பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் படிப்பது சிரமமில்லை. பர்மிங்காமில் 1813-ல் நாடாளுமன்றச் சட்டம் போட்டுத் துப்பாக்கிச் சோதனைச்சாலை அமைத்தார்கள். வழக்கத்தைவிடக் கூடுதலாக மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்ப்பார்கள். உடையாமல் தாங்கினால்தான் முத்திரை விழும். கிரீடத்துக்குக் கீழே 'பி.வி.', 'என்.பி.' என்று எழுத்து இருந்தால் அது 1904-ல் வந்த புது முத்திரை. அட்டவணையை வைத்துக்கொண்டு ஒரே மாலையில் அந்த ரிவால்வரின் ஜாதகத்தை எழுதிவிட்டோம்.

கத்தியில் ஒரே ஒரு முத்திரைதான். பிடிக்கு மேலே, கூர் ஆரம்பிப்பதற்கு முன் இருக்கும் தட்டையான இடத்தில், ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'அர்னாசெல்லம், சேலம்'. அருணாசலம் என்ற ஆசாரியின் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் வேட்டையாடிய வெள்ளைக்காரர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். பன்றி ஈட்டியும் வேட்டைக் கத்தியும் வேண்டுமென்றால் சேலம் அருணாசலத்திடம் சொல்லிச் செய்ததுண்டு. இன்றைக்கும் வெளிநாட்டு ஏலங்களில் இந்தப் பெயர் பொறித்த கத்தியைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். ரிவால்வரைப் படிக்க அட்டவணை இருந்தது. இந்தக் கத்தியைப் படிக்க இரும்பு அடிக்கிற ஆள்தான் வேண்டும் என்று தோன்றியது. நண்பருக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்குக் கத்தியோடு போனோம்.

கஞ்சமலை அடிவாரத்தில், சாலையோரப் புளிய மரத்தடியில் தகரக் கூரை போட்ட பட்டறை. இந்த மலையின் இரும்புக் கல்லை நம்பித்தான் ஒரு காலத்தில் சுற்று வட்டாரத்தில் உலைகள் எரிந்தன. இப்போது பட்டறைக்கு வரும் இரும்பு சங்ககிரி, நாமக்கல் லாரிகளில் கழித்துப் போட்ட ஸ்பிரிங் பட்டை. பெரியவருக்கு எழுபதை ஒட்டிய வயது. குறட்டால் பட்டையைப் பிடித்துத் திருப்புவது அவர். எதிரே நின்று சம்மட்டி போடுவது அவர் மனைவி. அவர் சுத்தியலால் எந்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிறாரோ, சம்மட்டி அதே இடத்தில் விழுகிறது. இரண்டு பேரும் வாய் திறப்பதில்லை.

அடி நின்ற பிறகு கத்தியைக் கொடுத்தோம். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். கத்தியின் கூர்மையைப் பார்க்கவில்லை. நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்டார். பிறகு எழுத்தின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார்.

"குத்துனதுதாங்க தம்பி. ஓரத்துல ஒதடு மாதிரி ஏறி நிக்குது பாருங்க. எழுத்து எல்லாம் ஒரே அச்சு. தனித்தனியாக் குத்தியிருந்தா ஒண்ணு ஏறும், ஒண்ணு எறங்கும்."

நானும் விரலை வைத்துப் பார்த்தேன். முடியிழை அளவுக்கு ஒரு மேடு. தேய்ந்த இடத்தில்கூட அது முழுசாகப் போகவில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"தோய்ச்சலுக்கு முன்னாடியே குத்திரோணும். தண்ணி காட்டுனதுக்கு அப்புறம் குத்துனா அச்சு மொனை நொறுங்கும், இல்லாட்டிக் கத்தி விரிசல் உடும். கத்தி தேறுமா தேறாதான்னு தெரியறதுக்கு முந்தியே மனுசன் பேரப் போட்டிருக்காரு பாருங்க."

பர்மிங்காமில் சுட்டுப் பார்த்த பிறகுதான் கிரீடம் விழும். இங்கே ஓர் ஆசாரி, இரும்பு இன்னும் பதப்படாமல் இருக்கும்போதே தன் பெயரை அதில் இறக்கிவிட்டு, பிறகு தண்ணீரில் முக்குகிறார்.

பெரியவர் எழுந்துபோய் மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய அச்சு உளி, சுண்டு விரல் நீளம். மூன்று புள்ளி, கீழே ஒரு பிறை. தாத்தா வெட்டியது. அச்சை இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். கத்தியைவிட அச்சு இரும்பு கெட்டியாக இருக்க வேண்டும். அரத்தால் தேய்த்துத் தேய்த்து எடுத்த பள்ளம் சுத்தமாக இல்லாவிட்டால் புள்ளி நசுங்கிவிடும். தாத்தா காலத்தில் இந்த மூன்று புள்ளியைப் பார்த்துத்தான் அரிவாள் வாங்குவார்களாம். அப்பா காலத்தில் கலப்பைக் கொழு, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை, களைக்கொத்து. கூலி காசாக வராது. அறுவடைக்கு அறுவடை களத்தில் அளக்கும் கம்பும் சோளமும்தான். டிராக்டர் வந்ததும் கொழு போயிற்று, டயர் வண்டி வந்ததும் சக்கரம் போயிற்று. இவர் பதினாறு வயதில் உலைக்கு முன் உட்கார்ந்தவர். கொடுவாள், பனை சீவும் அரிவாள், மரவள்ளிக் குச்சி வெட்டும் கத்தி என்று காலத்தை ஓட்டியிருக்கிறார். மகன் லாரி ஓட்டுகிறான். மகன் இடத்தில்தான் மனைவி சம்மட்டி பிடித்து நிற்கிறார்.

அச்சு ஏன் பெட்டிக்குள் போனது? நகரத்துக் கடைக்காரர் ஒருவர் மொத்தமாக எடுக்கிறார். பட்டறை முத்திரை எதுவும் இருக்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. சுத்தமான முகம் வேண்டுமாம். அதில் தன் கடைப் பெயரை லேசரில் பொறித்துக்கொள்கிறார். ஒரு கொடுவாளுக்குப் பெரியவர் கைக்கு வருவது 280 ரூபாய். கடையில் விலை 650. கரியும் பட்டையும் இவர் செலவு. வெந்து வெட்டுப்பட்ட கைகளும் இவர்களுடையவை.

விலையில் வைக்கும் லாபத்தைக்கூட ஒரு பக்கம் விடலாம். கடைக்கு வாடகை உண்டு, வட்டி உண்டு. பெயரை எடுத்துக்கொள்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பெயர் இருந்தால்தான் வாங்கியவர் மறுபடி தேடி வருவார். தேடி வந்தால்தான் ஆசாரி விலை பேச முடியும். ஷெஃபீல்டுக் கத்திக்காரர்களுக்கு 1624-லேயே சட்டப்படி சங்கம் அமைந்தது. அவரவர் முத்திரையை அங்கே பதிவு செய்துகொண்டார்கள். அதே ஷெஃபீல்டு இன்னொன்றும் செய்தது. சேலத்தில் கம்பெனி அதிகாரியாக இருந்து, 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத், எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் அதைப் பயன்படுத்திச் சம்பாதித்தார்கள்; அவருக்குத் தர வேண்டியதைத் தரவில்லை. வழக்காடி நொடித்துப்போய் 1851-ல் இறந்தார். காப்புரிமைப் பத்திரம் வைத்திருந்த துரைக்கே அந்தக் கதி. புளிய மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்?

அரசு கண்ணுக்கு இவர் தெரியாமல் இல்லை. 2021 செப்டம்பரில் ரவுடிகள் மேல் பெரிய தேடுதல் வேட்டை நடத்திய தமிழ்நாடு காவல்துறை, அரிவாள் வாங்குபவர் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் எழுதி வைக்கச் சொல்லிப் பட்டறைகளுக்கு உத்தரவு போட்டது. நூறு பக்க நோட்டு ஒன்று ஆணியில் தொங்குகிறது. காவல்துறையின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மா சொன்னார்:

"வாங்குனவன் பேரு எழுதோணுமாம். அடிச்சவன் பேரு இருந்தா வேண்டாமாம். இது எந்த ஊரு நாயங்க?"

என்னிடம் பதில் இல்லை. கைவினைஞர்களுக்குக் கடனும் மானியமும் தரும் திட்டங்களைப் பற்றிச் சொன்னேன். கரண்ட் சம்மட்டி வாங்க அந்தப் பணம் உதவும் என்றார் பெரியவர். அந்த அம்மாவின் தோள்பட்டை வலிக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. மனுவை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

நண்பர் தோட்டத்துக்குக் காபிக் கவாத்துக் கத்தி வேண்டும். கடைக்குப் போகாமல் நேராக இங்கேயே நாற்பது கத்தி சொன்னார், ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளியும் பிறையும் விழ வேண்டும் என்ற நிபந்தனையோடு. பெரியவர் உடனே சரி சொல்லவில்லை. அச்சை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு புள்ளியின் ஓரம் மழுங்கியிருந்தது. புதிதாகத்தான் வெட்ட வேண்டும், அதற்கே நாலைந்து நாள் ஆகும், பாதிப் பணம் முன்னால் தர வேண்டும் என்றார். கடைக்காரருக்குத் தெரிந்தால் அடுத்த வாரச் சரக்கை எடுக்காமல் விட்டுவிடுவாரோ என்று கணவனும் மனைவியும் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மா முன்பணத்தை வாங்கி எண்ணி, நோட்டை ஆணியிலிருந்து எடுத்து நண்பரின் பெயரையும் போன் நம்பரையும் கேட்டு எழுதிக்கொண்டார்.