ராக்கெட்டும் கைப்பெட்டியும்

மர்ம நாவல் படிப்பதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறவர்கள் நம்மில் அநேகர். கம்பராமாயணத்தைப் படிக்காமலே படித்ததாகச் சொல்லிக் கொள்வார்கள். ராஜேஷ்குமாரைப் படித்துவிட்டுப் படிக்கவே இல்லை என்பார்கள். இரண்டும் பொய்தான். ஆனால் இரண்டாவது பொய்யில் கொஞ்சம் நன்றி கெட்டதனமும் சேர்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சிலே இரவு முழுவதும் காத்துக் கிடந்தபோது துணையாக இருந்தது அந்த மட்டக் காகிதப் புத்தகம்தானே?

எனக்கு அந்தத் தயக்கம் கிடையாது. நிறையப் படித்திருக்கிறேன். அவற்றிலே ஒரு தனி ரகம் உண்டு. வெறும் கொலையோடும் கொள்ளையோடும் நில்லாமல் விஞ்ஞானத்தையும் அரசியலையும் கலந்து கொடுக்கும் ரகம். முதல் அத்தியாயத்தில் ஒரு விஞ்ஞானி எதையோ கண்டுபிடிப்பார். இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு மந்திரி கவலைப்படுவார். மூன்றாவதில் அந்நிய நாட்டு ஒற்றன் ஒருவன் விமானத்திலிருந்து இறங்குவான். நாலாவதில் சூத்திரம் அடங்கிய கைப்பெட்டி காணாமல் போய்விடும். அப்புறம் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. இந்த ரகத்தைப் பற்றித்தான் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்று தோன்றுகிறது.

முதலில் அதன் கவர்ச்சியைச் சொல்லிவிடுவோம்.

எங்கள் ஊர் அம்மையார்குப்பம். திருத்தணிக்கு மேற்கே, ஆர்.கே. பேட்டைப் பக்கம் இருக்கும் நெசவாளர் ஊர். நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் எங்கள் தெருவில் கைத்தறிச் சத்தம் விடியுமுன்பே தொடங்கிவிடும். தறியில் உட்கார்ந்தவருக்குக் கையும் காலும் ஓயாது. காது மட்டும் சும்மா இருக்கும். ஆகவே குழித்தறியின் விளிம்பில் உட்கார்ந்து கதை படித்துச் சொல்வது எங்களைப் போன்ற பையன்களின் வேலை. பெட்டிக்கடையில் நாளுக்கு எட்டணா வாடகைக்கு வந்த புத்தகங்களையெல்லாம் என் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

கொலை நடக்கும் கட்டத்தில் அவர் நாடாவை நிறுத்த மாட்டார். "டில்லியில், கதவு சாத்திய அறையில், மந்திரியும் அதிகாரியும்" என்று ஒரு அத்தியாயம் தொடங்கினால் கை தானாக நின்றுவிடும். "இன்னொரு தபா படி" என்பார். காரணம் எனக்குப் பிற்பாடுதான் விளங்கிற்று. நூல் விலை ஏறினால் எங்கள் தெருவில் அடுப்பு எரிவது குறையும். அந்த விலையை ஏற்றுகிறவர் யார், எந்த அறையில் உட்கார்ந்து ஏற்றுகிறார் என்பது தெருவில் ஒருவருக்கும் தெரியாது. குடும்ப நாவல்கள் அந்த அறைப் பக்கமே போவதில்லை; மாமியார் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகின்றன. இந்த நாவல்தான் டில்லி அறைக் கதவைத் திறந்து காட்டிற்று. உள்ளே நடந்தது கற்பனையாகவே இருக்கட்டும். கதவு திறந்ததே பெரிய விஷயமல்லவா?

தமிழில் இந்தக் கதவைப் பெரிதாகத் திறந்து வைத்தவர் சுஜாதா. தமிழ்வாணனின் சங்கர்லால் தேசம் தேசமாகப் போனார். ஆனால் விஞ்ஞானத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவர் எழுத வந்தபோது சங்கதியே வேறாகிவிட்டது. 1980-களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'என் இனிய இயந்திரா' 2020-களில் நடப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட கதை. குழந்தை பெறவும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டியிருக்கும் ஒரு நாடு. அதை ஆளும் ஜீவா என்ற தலைவர் மனிதரே அல்ல, ஒளியால் ஆன வெறும் பிம்பம் என்று கதையில் தெரியவரும். ஜீனோ என்ற இயந்திர நாயை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். என்னை அதிகம் உலுக்கியது அந்தப் பிம்பம்தான். நம்மை ஆளுகிறவர் என்று நாம் தினமும் பார்ப்பது ஆளையா, பிம்பத்தையா என்ற கேள்வி, கதை முடிந்தபிறகும் முடியவில்லை. இந்த ரகத்தின் உச்சம் இதுதான் என்பேன். அதிகாரத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கக் கற்றுக் கொடுக்கிறது.

இனி, குறை.

இந்த நாவல்களுக்கு எல்லாம் உண்டு. காலம் மட்டும் கிடையாது. பத்து வருஷத்து வேலை ஒரு ராத்திரியில் நடக்கும். ஆயிரம் பேருடைய அறிவு ஒருவர் தலைக்குள் இருக்கும். அந்த ஒருவரையும் கைப்பெட்டியோடு கடத்திவிடலாம். கதைக்கு அந்த வசதி அவசியந்தான். ஆயிரம் பேரைக் கடத்த எந்த வில்லனிடம் வண்டி இருக்கிறது? ஆனால் இதையே படித்துப் படித்து நம் மனம் பழகிவிடுகிறது. விஞ்ஞானம் என்றால் திருடக்கூடிய ஒரு காகிதம், அரசியல் என்றால் ஒரு சதி, நாட்டுக்கு வந்த கேடு என்றால் அதற்கு ஒரு துரோகி. நாவலை மூடினாலும் இந்தக் கணக்கு மூடுவதில்லை.

அமெரிக்காவில் மைக்கேல் கிரைட்டன் என்று ஒருவர் இருந்தார். ஹார்வார்டில் மருத்துவம் படித்தவர். விண்வெளியிலிருந்து வந்த கிருமியைப் பற்றி 1969-இல் 'ஆண்ட்ரோமெடா ஸ்ட்ரெய்ன்' எழுதிப் புகழ் பெற்றார். 2004-இல் 'ஸ்டேட் ஆஃப் ஃபியர்' என்ற நாவலை வெளியிட்டார். பூமி வெப்பமாகிறது என்ற பயத்தைப் பரப்புவதற்காக ஒரு கும்பல் செயற்கையாக விபத்துக்களை உண்டாக்குவதாகக் கதை. நாவலுக்குள்ளேயே வரைபடங்கள், அடிக்குறிப்புக்கள் எல்லாம் உண்டு. தங்கள் ஆராய்ச்சியை அவர் திரித்துவிட்டார் என்று விஞ்ஞானிகளில் சிலர் குறைப்பட்டார்கள். ஆயினும் 2005 செப்டம்பரில் அமெரிக்க செனட்டின் சுற்றுச்சூழல் கமிட்டி அந்த நாவலாசிரியரை அழைத்துச் சாட்சியம் கேட்டது! கதை சொன்னவருக்கு நிபுணரின் நாற்காலி கிடைத்துவிட்டது. அடிக்குறிப்புப் போட்ட கதை, சாதாரணக் கதையைவிட ஆபத்தானது போலும்.

அமெரிக்காவில் ஒரு நாற்காலியோடு போயிற்று. நம் நாட்டில் மனிதர்களின் வாழ்க்கையே போயிற்று.

1994 அக்டோபரில் மாலத்தீவைச் சேர்ந்த மரியம் ரஷீதா என்ற பெண்ணைத் திருவனந்தபுரத்தில் போலீசார் கைது செய்தார்கள். அவருடைய தோழி பௌசியா ஹசனும் பிடிபட்டார். நவம்பரில் இஸ்ரோ விஞ்ஞானிகளான சசிகுமாரனும் நம்பி நாராயணனும் கைதானார்கள். ராக்கெட் ரகசியங்களை அந்நியருக்கு விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. விஞ்ஞானி, வெளிநாட்டுப் பெண்கள், பணம், ரகசியக் காகிதம்! நாலாவது அத்தியாயத்திலே இருக்க வேண்டியதெல்லாம் பத்திரிகையின் முதற் பக்கத்தில் வந்து நின்றது. கேரளப் பத்திரிகைகளும் நம் பத்திரிகைகளும் அதைத் தொடர்கதையாகவே எழுதின. அரசியலுக்கும் அதில் வேலை இருந்தது. 1995 மார்ச்சில் கேரள முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகியதற்கு, இந்த வழக்கை வைத்துச் சொந்தக் கட்சிக்குள் எழுந்த சண்டையும் ஒரு காரணம்.

எங்கள் தெருவிலும் நாவலை விட்டுவிட்டுப் பத்திரிகையைப் படிக்கச் சொன்னார்கள். ஒரு நாள் முழுவதும் கேட்டுவிட்டுப் பெரியப்பா சொன்னார்: "ஏண்டா, ஒரு பாவு பிணைக்கக் கத்துக்க எனக்கு மூணு வருஷம் ஆச்சு. ராக்கெட்டை எப்படிடா பொட்டியிலே போட்டுக் குடுப்பான்?"

அவருக்கு ராக்கெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. வேலையைப் பற்றித் தெரியும். தறியில் பழைய பாவு தீரும்போது, அதன் ஆயிரக்கணக்கான இழைகளின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது. எப்படிச் செய்வது என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். அந்த அரைப் பக்கத்தைத் திருடிக் கொண்டு போகிறவன் ஒரு இழையைக்கூட ஒழுங்காகச் சேர்க்க மாட்டான். வித்தை காகிதத்தில் இல்லை, விரலில் இருக்கிறது.

பெரியப்பா சொன்னது எவ்வளவு சரி என்பது ராக்கெட்டின் சரித்திரத்தைப் பார்த்தால் விளங்கும். விற்கப்பட்டதாகச் சொன்னவற்றில் முக்கியமானது கிரையோஜெனிக் எஞ்சின் நுட்பம். சுழிக்குக் கீழே 253 டிகிரிக் குளிரில் திரவமாக நிற்கும் ஹைட்ரஜனையும், 183 டிகிரிக் குளிரில் திரவமாகும் ஆக்ஸிஜனையும் சேர்த்து எரிக்கும் எஞ்சின் அது. அந்த நுட்பம் 1994-இல் நம்மிடம் கிடையாது! 1991-இல் ரஷ்யாவோடு ஒப்பந்தம் செய்தோம். 1992-இல் அமெரிக்கா தடை விதித்தது. 1993-இல் ரஷ்யா, எஞ்சினைத் தருகிறோம், நுட்பத்தைத் தருவதற்கில்லை என்று பின்வாங்கிற்று. அப்புறம் நம்மவர்களே முயன்றார்கள். திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில் எரித்து எரித்துச் சோதித்தார்கள். 2010 ஏப்ரலில் நம் எஞ்சினோடு கிளம்பிய ராக்கெட் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5-ஆம் தேதிதான் வெற்றி கிட்டிற்று. எங்கள் ஊரிலிருந்து காக்கை பறக்கும் தூரத்துக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் அது கிளம்பியது. கையில் இல்லாத பொருளை விற்றதாக மனிதர்களைச் சிறையில் அடைத்த பிறகு, அந்தப் பொருளைச் செய்து முடிக்க இந்தத் தேசத்துக்கு இன்னும் இருபது வருஷம் பிடித்தது.

நாவலாசிரியர் ஒருவரும் இந்த வழக்கை ஜோடிக்கவில்லை. அந்தப் பழியை எழுத்தாளர்கள் தலையில் போடுவது நியாயமாகாது. ஆனால் கேட்டவுடன் ஊர் உலகமெல்லாம் நம்பியதே, அதற்கு நாம் வருஷக் கணக்காகப் படித்த கதைகள் மனத்தைப் பதப்படுத்தி வைத்திருந்தன என்பதை மறுக்க முடியுமா? "விஞ்ஞானி என்றாலே பெட்டி இருக்கும்" என்று நம்மைப் பழக்கியவர்கள் நாங்கள்தானே?

அரசியல் விஷயத்திலும் இதே கதைதான். இந்த நாவல்களில் எல்லை என்றால் முள்வேலி. ராத்திரியில் அதைத் தாண்டுகிறவன் ஒற்றன். எங்கள் வட்டாரம் நிஜமான எல்லையில் இருக்கிறது. 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி. முதலானோர் கிளர்ச்சி செய்தார்கள், சிறை சென்றார்கள். பிறகு படாஸ்கர் தீர்ப்பு, 1959-இல் பார்லிமெண்டில் சட்டம், 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பிற்று. இதில் ஒற்றன் எங்கே, கைப்பெட்டி எங்கே? கூட்டம், மனு, மறியல், கிராமக் கணக்கு, மீண்டும் மனு. கோடு மாறினாலும் வீட்டுக்குள் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவது மாறவில்லை.

சுஜாதா வேலை பார்த்த பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியமான பங்கு உண்டு. விஞ்ஞானமும் அரசியலும் அதைவிட நெருக்கமாகச் சேர்ந்த பொருள் நாட்டில் வேறு ஏது? நம் தேர்தலில் அத்தகைய இயந்திரம் முதன்முதலில் 1982-இல் கேரளத்துப் பரவூரில், 50 சாவடிகளில் வைக்கப்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சட்டத்தைத் திருத்தினார்கள். பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் எல்லாத் தொகுதிகளிலும் அது வர 2004 ஆயிற்று. இருபத்திரண்டு வருஷம்! யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு நாவல்தான். ஒரே குறை, வில்லன் இல்லை.

சமீபத்தில் ஒரு பத்திரிகையாசிரியர் என்னிடம் தொடர்கதை கேட்டார். ராக்கெட், மந்திரி, ஒற்றன் மூன்றும் இருக்க வேண்டுமாம். "உங்கள் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சார், எல்லையோரம், வசதி" என்றார். எழுதக் கூடாது என்பதல்ல என் கட்சி. டில்லி அறைக் கதவை யாராவது திறக்கத்தான் வேண்டும். நூல் விலைக் காரணம் அறிய இன்றைக்கும் எங்கள் தெரு காத்திருக்கிறது. ஆனால் கைப்பெட்டி மட்டும் வேண்டாம் என்று பார்க்கிறேன்.

நம்பி நாராயணன் ஐம்பது நாள் சிறையில் இருந்தார். வழக்கு பொய் என்று 1996-இல் சி.பி.ஐ. சொன்னது, 1998-இல் சுப்ரீம் கோர்ட்டும் அவர் பக்கம் நின்றது. ஆயினும், தேவையின்றிக் கைது செய்து வதைத்தார்கள் என்று கூறி 50 லட்ச ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்க அந்தக் கோர்ட் உத்தரவிட்டது 2018 செப்டம்பரில்தான். மறு வருஷம் பத்மபூஷண் வந்தது. அந்த மாலத்தீவுப் பெண்கள் இருவரும் மூன்று வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்து ஊர் திரும்பினார்கள். அவர்களுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. துப்பறியும் நாவலில் கைது என்பது கடைசி அத்தியாயம். அடுத்த வரி 'முற்றும்'. இங்கே கைதுக்குப் பிறகு இருபத்து நான்கு வருஷம் இருக்கிறது. காலையில் எழுந்து, வாசலில் நின்று, தெருவில் போகிறவர்களின் பார்வையைத் தாங்கிக்கொண்ட இருபத்து நான்கு வருஷம்.

என் தொடர்கதையைக் கைதிலிருந்து தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். வாரா வாரம் 'தொடரும்' போட்டு அவ்வளவு வருஷத்தை வாசகர் கையில் கொடுப்பது எப்படி என்பதுதான் புரியவில்லை. ஆசிரியரிடம் ஒரு மாதத் தவணை கேட்டிருக்கிறேன்.