திருப்பூருக்கு வந்த சமுத்திரம்

பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டை போகும் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினேனோ இல்லையோ, என் குடை என்னிடம் விடை பெற்றுக்கொண்டது. ஆடி மாதத்துக் காற்று அதை ஒரே வீச்சில் பறித்துக் கிளுவை வேலியில் மாட்டிவிட்டது. காட்டுக்குள்ளிருந்து ஒரு பெரியவர் அதை எடுத்து வந்து நீட்டினார்.

"ஆடிக் காத்துக்குக் குடை ஆகாதுங்க தம்பி. மழைக்கா கொண்டாந்தீங்க? இங்கே மழை எங்கே பேயுது!"

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளைப் பார்க்க வந்தவன் நான். ஒரு நாள் மிச்சம் இருந்ததால் காற்றாலைகளைப் பார்க்கப் புறப்பட்டேன். எங்கே திரும்பினாலும் வெள்ளைத் தூண்களும் சுழலும் இறக்கைகளுந்தான். அவற்றில் பல இந்த வட்டாரத்து நூல் மில்களுக்குச் சொந்தமானவை. பனியனாகிக் கப்பலேறும் பஞ்சுக்கு இந்தக் காற்றும் ஒரு கை கொடுக்கிறது.

"இவ்வளவு காத்து வருதே, மழையை எங்கே விட்டுட்டு வருதுங்க?" என்று கேட்டார் பெரியவர்.

நியாயமான கேள்விதான். பதில் கடலில் இருக்கிறது. திருப்பூரில் கடலா என்று நேயர்கள் சிரிக்க வேண்டாம், சற்றுப் பொறுங்கள்.

சமுத்திரத்துக்குள்ளும் ஆறுகள் ஓடுகின்றன. அவற்றுக்குக் கரை கிடையாது, போக்கு உண்டு. காற்று தள்ளுகிறது, பூமியின் சுழற்சி வளைக்கிறது, குளிர்ந்து உப்பேறிய நீர் கனத்து அடியில் இறங்குகிறது. ஓரிடத்துச் சூட்டை எடுத்து இன்னோரிடத்தில் சேர்ப்பதே இவற்றின் உத்தியோகம். திருப்பூர்ச் சட்டைகளை வாங்கும் ஐரோப்பாவில், நார்வே நாட்டுத் துறைமுகங்கள் குளிர்காலத்திலும் உறையாமல் இருப்பதற்கு, அட்லாண்டிக் கடலின் வெப்ப நீரோட்டம் செய்யும் உபகாரம் பெரிது.

நம் அரபிக் கடலிலோ சோமாலி நீரோட்டம் என்று ஒரு விசித்திரப் பிறவி இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை திசை மாறும்! தென்மேற்குப் பருவக் காற்று எழுந்ததும் ஆப்பிரிக்கக் கரையோரமாக வடக்கே பாயும். குளிர்காலத்தில் தெற்கே திரும்பிவிடும். அந்தக் கடலைத் தாண்டி ஈரத்தைச் சுமந்து வரும் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, வால்பாறைப் பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்க்கிறது. பாலக்காட்டருகே மலையில் ஒரு வாசல் இருக்கிறதல்லவா? அதில் நுழைந்து நம் பெரியவரின் காட்டுக்கு வருவது பெரும்பாலும் வெறும் காற்றுத்தான்.

ஆகவே அவருடைய மேட்டாங்காட்டுக்கு ஐப்பசியும் கார்த்திகையுமே கதி.

"2016-ல அதுவும் போச்சுங்க. புரட்டாசியில விதைச்ச சோளம் முழங்கால் உசரங்கூட வரலை. தட்டு இல்லை. தை பொறக்கறதுக்குள்ள ரெண்டு காங்கயம் மாட்டையும் வித்தாச்சு. அந்த மாட்டுப் பொங்கலுக்குக் கட்டுத்தரை வெறும் தரைங்க" என்றார்.

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசாங்கம் அறிவித்தது. முந்திய ஆண்டிலோ சென்னை வெள்ளத்தில் மிதந்தது!

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடினால் பெரு நாடு வரை போக வேண்டியிருக்கிறது. அந்நாட்டுக் கரையில் சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸை ஒட்டிக் கடல் சூடாகும், மீன் குறையும். மீனவர்கள் அதற்குக் குழந்தை ஏசுவின் பெயரால் 'எல் நினோ' என்று பெயர் வைத்தார்கள். 1904-ல் இந்திய வானிலை இலாகாவுக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் என்ற கணித மேதை, நம் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடினார். தேடப் போனவர், பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்து மகா சமுத்திரப் பக்கம் இறங்குகிற ஓர் ஊசலைக் கண்டார். எல் நினோவும் அந்த ஊசலும் ஒரே விவகாரம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. எல் நினோ வந்தால் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் இளைக்கும். நம் ஐப்பசி மழையோ பெரும்பாலும் கொழுக்கும். வடக்கே எல்லாரும் வைகிற விருந்தாளிக்கு நாம் இலை போட வேண்டியிருக்கிறது!

நம் வாசலிலேயே இன்னோர் ஊசலும் உண்டு. இந்து மகா சமுத்திரத்தில் பூமத்திய ரேகையை ஒட்டி, ஐப்பசி, கார்த்திகையில் சூடான மேல்நீர் கிழக்கே சுமத்ராவை நோக்கிப் பாய்கிறது. விர்ட்கி என்ற விஞ்ஞானி 1973-ல் இதை விளக்கினார். சில ஆண்டுகளில் இந்த ஓட்டம் தளர்ந்து, சூடு மேற்கே தங்கும். நம் மழைக்கு அது அனுகூலம். சில ஆண்டுகளில் ஓட்டம் பலத்து, சூடெல்லாம் சுமத்ரா அருகே குவியும். மேகமும் அங்கேயே கூடி அங்கேயே கொட்டும். சஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன், ஜப்பானியரான யமகாட்டா ஆகியோர் 1999-ல் இந்த ஊசலை உலகத்துக்கு எடுத்துக் காட்டினார்கள். 2015-ல் எல் நினோவும் இருந்தது. ஊசலும் மேற்கே சாய்ந்திருந்தது. 2016-ல் இரண்டுமே எதிர்ப்பக்கம்!

இதையெல்லாம் மண்ணில் குச்சியால் கோடு கிழித்துச் சொன்னேன். பெரியவர் சுமத்ராவையே பார்த்துக் கொண்டிருந்தார்.

"தண்ணி அங்கே குமியறது யாருக்காச்சும் முன்னாடியே தெரியுமுங்களா?"

எனக்குச் சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது. தெரியும். உலகக் கடல்களில் சுமார் 4,000 மிதவைகள் பத்து நாளைக்கொரு தடவை 2,000 மீட்டர் ஆழம் வரை மூழ்கி எழுந்து, சூட்டையும் உப்பையும் அளந்து செயற்கைக் கோளுக்குச் சொல்கின்றன. 2016-ன் நடுவிலேயே ஆஸ்திரேலிய வானிலைக்காரர்கள் ஊசலின் சாய்வை அறிவித்திருந்தார்கள். நம் வானிலை இலாகாவும் இப்போது இரண்டு ஊசல்களின் நிலையையும் அவ்வப்போது வெளியிடுகிறது.

"ஆனால் ஐயா, மழை இத்தனை அங்குலம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. கூடலாம், குறையலாம் என்கிற அளவுக்குத்தான்."

"அது போதுமுங்க. ஆடியிலயே ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா, நல்ல விலை இருக்கறப்பவே ஒரு மாட்டைக் குடுத்து, அந்தக் காசுக்குத் தட்டு வாங்கிப் போர் போட்டு, இன்னொண்ணையாச்சும் காப்பாத்தியிருப்பனுங்க."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதை எங்கே பாக்கறதுன்னு எழுதிக் குடுங்க தம்பி. பேரன் போன் வெச்சிருக்கான்" என்றார்.

குறிப்புப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். காற்று அதையும் கேட்டது. பெரியவர் விடவில்லை, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.