சோதனைக்கும் கூலி உண்டு

லாரித் தொழிலை நம்பி நாமக்கல்லில் வளர்ந்த டீசல் பம்ப் பட்டறைகளுக்கு இப்போது கார்களும் வருகின்றன. கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் தீர்ப்பையும் கையோடு கொண்டுவருகிறார்கள்: "இன்ஜெக்டர் போயிருச்சு, மாத்திருங்க." பட்டறைகளில் பார்த்ததையும் கேட்டதையும் வைத்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று. இன்ஜெக்டர் தானாகக் கெடுவதைவிட, தண்ணீரோ தூசியோ தேய்ந்த பம்போ அதைக் கெடுப்பதுதான் அதிகம். எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கும் வேலைக்குக் கூலி கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. பாகத்துக்கு மட்டும் பணத்தை எடுத்து நீட்டுகிறோம். புது இன்ஜெக்டர் போட்ட காரே பழைய கோளாறோடு மறுபடி பட்டறைக்கு வருவதற்கு இதுவே முதல் காரணம்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் நாசில் ஏறக்குறைய 130 முதல் 250 பார் அழுத்தத்தில் திறக்கும். கொஞ்சம் அழுக்கு போனாலும் வண்டி புகையைக் கக்கிக்கொண்டே ஓடிவிடும். 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் அழுத்தத்தோடு டீசலைத் தேக்கும் காமன் ரயில் முறை வந்தபோது, டீசலைப் பீய்ச்சும் அழுத்தம் 1,350 பார் வரை போனது. இன்று 2,000 பாரைத் தாண்டுபவையும் உண்டு. இந்த அழுத்தத்தைத் தாங்க, இன்ஜெக்டருக்குள் ஊசிக்கும் அதன் உறைக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான் விடுகிறார்கள். அங்கே உராய்வைத் தடுக்கத் தனியாக ஆயில் கிடையாது. ஓடுகிற டீசலே மசகு. டீசலோடு தண்ணீர் கலந்தால் மசகு போய்விடும், துருவும் பிடிக்கும். ஃபில்டரைத் தாண்டிய மணல்துகள் ஊசி உட்காரும் இடத்தைக் கீறிவிடும். கீறிய இடம் சரியாக மூடாது, டீசல் சொட்டும். சொட்டுகிற டீசல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும்; முற்றினால் பிஸ்டனையே ஓட்டையாக்கிவிடும். அதனால் எழும் 'டக் டக்' சத்தத்தோடு பல மாதம் ஓட்டுவது சிக்கனம் ஆகாது.

நல்ல பட்டறையில் முதல் வேலை இன்ஜெக்டரைக் கழற்றாமலே நடக்கிறது. நாலு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் பைப்புகளையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அளவுக்கோடு போட்ட நாலு பாட்டில்களை மாட்டி இன்ஜினை ஓடவிடுகிறார்கள். மூன்று பாட்டிலில் டீசல் ஒரே மட்டத்தில் ஏற, ஒன்றில் மட்டும் விறுவிறுவென்று நிறைந்தால் உள்கசிவு எந்த இன்ஜெக்டரில் என்று தெரிந்துவிடும். பிறகு ஃபில்டரில் தேங்கிய டீசலைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றிவைக்கிறார்கள். சிறிது நேரத்தில் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும். அதைவிடக் கவலைப்பட வேண்டியது, வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுக்கும் உலோகப் பொடி. அது தெரிந்தால் ஹை பிரஷர் பம்ப் தேய்கிறது என்று அர்த்தம். பம்பையும் டேங்க், லைன், ரயில் எல்லாவற்றையும் சரிசெய்யாமல் எத்தனை புது இன்ஜெக்டர் போட்டாலும் அதே பொடி அவற்றையும் தின்றுவிடும். சில வண்டிகளில் இன்ஜெக்டருக்குக் குறையே இருக்காது. அடியிலுள்ள செப்பு வாஷர் கசிந்து கரி கட்டியிருக்கும், அல்லது குளோ பிளக் போயிருக்கும், அல்லது கம்ப்ரஷன் குறைந்திருக்கும். ஸ்டார்ட்டிங் கோளாறும் புகையும் எல்லாவற்றுக்கும் பொது.

கழற்றிய இன்ஜெக்டர் போகும் அறை தனி. பட்டறையில் எங்கும் கிடக்கும் பனியன் வேஸ்டுக்கு அங்கே இடமில்லை. அதிலிருந்து உதிரும் ஒரு நூலிழை போதும், செய்த வேலை கெட. திறந்த ஒவ்வொரு வாய்க்கும் உடனே மூடி போடுகிறார்கள். டெஸ்ட் பெஞ்சில் ஐடிலுக்கு எவ்வளவு, முழு லோடுக்கு எவ்வளவு, ரிட்டர்ன் எவ்வளவு என்று அளந்து ரீடிங் எடுக்கிறார்கள். புதிது போட்டால் அதன் மேல் பொறித்திருக்கும் குறியீட்டைப் பல வண்டிகளில் இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசிஎம்மில் பதிய வேண்டும். இந்த வேலையில் ஆபத்தும் உண்டு. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடும் இன்ஜினில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். காமன் ரயிலில் அதைச் செய்தால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும். விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படிப் பட்டால் வலிக்கக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இத்தனை கவனத்தோடு அரைநாள் சோதித்துவிட்டு, "வாஷர்தான் சார், இன்ஜெக்டர் நல்லா இருக்கு" என்று சொன்னால், "எதுவுமே மாத்தல, எதுக்குக் காசு?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விதான் நேர்மையான மெக்கானிக்கையும் பாகம் விற்பவராக மாற்றுகிறது.

எல்லாவற்றையும் புதிதாகவே மாற்றிவிட்டால் நிம்மதி என்று சொல்லலாம். பீசோ வகை இன்ஜெக்டர்கள் பலவற்றைப் பிரித்துப் பழுது பார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும் என்பதும் உண்மை. ஆனாலும் கெடுத்த காரணம் வண்டிக்குள் இருக்கும்வரை புதிதுக்கும் அதே கதிதான். டீசலே மோசம், நாம் என்ன செய்ய முடியும் என்பார்கள். ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்கும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகத்தை நீக்கும்போது குறையும் மசகுத்தன்மைக்கும் தரநிலையில் வரம்பு உண்டு. நம் கையில் இருப்பதும் கொஞ்சமல்ல: ஃபில்டரைக் காலத்தில் மாற்றுவது, தண்ணீர் விளக்கு எரிந்தால் அன்றே வடிப்பது, டேங்க் வற்றும்வரை ஓட்டாமல் இருப்பது. கிளீனர் பாட்டில் படிவைக் கொஞ்சம் இளக்கலாம். தேய்ந்த உலோகத்தை அது வளர்க்காது.

அடுத்த முறை காரை விடும்போது, கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் காட்டச் சொல்லுங்கள். ரீடிங் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பாகமும் மாறாவிட்டாலும் சோதனைக்கான கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள்.