பிற்பகல் இரண்டு மணிக்கு உங்கள் பிள்ளை எங்கே?



கோடை விடுமுறை வந்துவிட்டால் பட்டணத்தில் வாழும் நம் எல்லாருடைய மனமும் சொந்த ஊரை நோக்கி ஓடுகிறது. பிள்ளைகள் நாட்களை எண்ணுகிறார்கள்; நாம் பெட்டிகளைக் கட்டுகிறோம். அந்தப் பெட்டிகளோடு நம் பட்டணத்துப் பழக்கங்களையும் கட்டிக்கொண்டு போகிறோம் என்பதை நான் ஒரு பிற்பகலில்தான் அறிந்துகொண்டேன். அதை மறைக்காமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் தாய்வீடு கள்ளிக்காட்டில் இருக்கிறது. நெய்யாறு அணைக்கு அருகே, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள கிராமம் அது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது; நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆகவே பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழுமாக நாங்கள் வளர்ந்தோம். திருமணத்திற்குப் பின் சென்னைவாசியானேன்.

2023-ஆம் ஆண்டு மே மாதம், பத்து வயது மகனையும் ஆறு வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. முதல் வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் காலம் தலைகீழாக ஓடியது. இரவு பன்னிரண்டு மணி வரை பிள்ளைகள் கையில் கைப்பேசி; என் கையிலும் அதுவே. காலை பத்து மணிக்கு எழுவார்கள். அம்மா விடியற்காலையில் ஆக்கிவைத்த கஞ்சியும் பயறும் ஆறிப்போயிருக்கும். அதைத் தள்ளிவிட்டு, கடையில் வாங்கிய வறுவல் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். "விடுமுறைதானே, இருக்கட்டும்" என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த நாளில் மதிய உணவுக்குப் பின் எனக்குக் கண் சொக்கியது. முந்தின இரவு நான் நித்திரை செய்தது சில மணி நேரமே. மகனின் கையில் கைப்பேசி இருந்தது. வீட்டிலேதான் இருப்பான் என்று படுத்துவிட்டேன். கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்தவுடன் அவன் பக்கத்து வீட்டுச் சிறுவர்களோடு ஆற்றுக் கடவுக்குப் போய்விட்டான். அவர்கள் ஆற்றிலே பிறந்து வளர்ந்ததுபோல் நீந்துகிறவர்கள். என் மகனோ குளியலறை வாளியைத் தவிர வேறு நீரை அறியாதவன்.

மணல் அள்ளியதனால் உண்டான கயம் ஒன்றில் அவன் கால் வைத்துவிட்டான். கடவில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு தாயார் கூக்குரலிட, பசுவைக் குளிப்பாட்ட வந்தவர் குதித்து, அவன் தலைமயிரைப் பற்றி இழுத்துக் கரையேற்றினார். அவர்கள் அவனை வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தியபோது மணி இரண்டரை. அப்போதும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை நான் மகனை அடிக்கக் கை ஓங்கினேன். அம்மா தடுத்தார்கள். "மக்களே, அவனை அடிச்சு என்ன ஆகப்போகுது? இது ஆத்தங்கரையிலே தொடங்கின காரியம் இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கே தொடங்கிப்போச்சு" என்றார்கள். அந்தச் சொல் இன்றுவரை என்னை விட்டு நீங்கவில்லை.

பிரியமான தாய்மாரே, யோசித்துப் பாருங்கள். இரவு பிந்தினால் காலை பிந்துகிறது. காலை பிந்தினால் பசியின் நேரம் மாறுகிறது. பெரியவர்கள் பகலில் அயர்ந்துபோகிறார்கள். பிள்ளைகள் கேட்பாரற்றுத் திரிகிறார்கள்.

மறுநாள் முதல் அம்மாவே அட்டவணை போட்டார்கள். இரவு ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். ஜெபம் முடிந்ததும் எல்லாருடைய கைப்பேசியும் அலமாரிக்குள், முதலில் என்னுடையது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேர நித்திரை வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். காலை ஆறரைக்கு எழுந்து, கிணற்றடியில் குளித்து, தோட்டத்திற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பின்பு சூடாகக் கஞ்சியோ, அவித்த மரச்சீனியும் துவையலுமோ உண்பார்கள். வெயில் ஏறுமுன் ஓடியாடுவார்கள். 5 முதல் 17 வயதுள்ளோருக்கு நாள்தோறும் 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தாகத்திற்குச் சீரகம் இட்டுக் காய்ச்சிய நீர். மாலையில் சக்கைப் பழம் அல்லது மாம்பழம். பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை எல்லாரும் ஒரே அறையில்: அம்மா கதை சொல்ல, மகள் பூ தொடுக்க, மகன் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பான். முதல் மூன்று நாள் அழுகையும் முறுமுறுப்பும் இருந்தது. நான்காம் நாள் அவர்களே கஞ்சி கேட்டார்கள்.

தண்ணீரைக் குறித்து ஒரு வார்த்தை. பிள்ளைகளை ஆற்றைக் கண்டு அஞ்சி ஓடச் செய்ய வேண்டாம். ஆனால் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நில்லாமல் இறங்க விட வேண்டாம். அணையின் மதகுகள் திறக்கப்பட்டால் கீழே நீர்மட்டம் உயரும். நீர்த்தேக்கத்திலோ முதலைகள் உண்டு. தேங்கிய குளங்களில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு நெய்யாற்றின்கரைப் பகுதியில் குளத்தில் குளித்த இளைஞர் சிலருக்கு அமீபா மூளைக்காய்ச்சல் கண்டு, ஒருவர் மரித்துப்போனார். அந்தக் கிருமி குடிநீரால் அல்ல, மூக்கின் வழியாக உட்செல்லும் நீரால் மூளையை அடைகிறது. குளித்த சில நாட்களில் கடுந்தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து இறுக்கம் கண்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எந்த நீரில் குளித்தான் என்பதையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

சென்னைக்குத் திரும்பிய பின் மகனை நீச்சல் வகுப்பில் சேர்த்தோம். ஒன்பது மணி அலமாரிப் பழக்கத்தையும் விடவில்லை. சில இரவுகளில் எனக்கே கை பரபரக்கும். அப்போது ஈரம் சொட்டச் சொட்ட முற்றத்தில் நின்ற என் மகனை நினைத்துக்கொள்வேன்.

ஊருக்குப் போக இயலாதவர்களும் உங்கள் ஓரறை வீட்டில் இதைத் தொடங்கலாம். இன்று இரவு உங்கள் கைப்பேசியை முதலில் நீங்கள் வைத்துவிடுங்கள். நாளைப் பிற்பகல் இரண்டு மணிக்கு உங்கள் பிள்ளை எங்கே என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.