இரவல் கோடரி



இரண்டாம் இராஜாக்கள் 6ஆம் அதிகாரத்தில், யோர்தான் கரையில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஒருவனின் கோடரி தண்ணீரில் விழுகிறது. இரும்பு மிதந்த அற்புதத்தைப் பற்றியே பிரசங்கங்கள் பெருகியுள்ளன. எனக்கோ அவன் பதறிய காரணம் பெரிதாகத் தோன்றுகிறது. கோடரி அவனுடையதன்று, இரவல் வாங்கியது. தீர்க்கதரிசிகளின் புத்திரர் குடியிருக்கும் வீட்டுக்கான வேலையே ஆயினும், கருவி யாருடையது என்பதை அவன் மறக்கவில்லை.

ஆம்பூர்ப் பகுதியில் காலணியின் மேற்பாகங்களைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு கூடம் ஒன்றை நம் சபைச் சகோதரர் ஒருவர் நடத்துகிறார். அவருக்கு வேலை தரும் நிறுவனம், கணினிகளில் உள்ள மென்பொருள்களுக்கு உரிமச் சான்று கேட்டது. ஐந்து கணினிகள், ஒன்றுக்கும் மென்பொருள் ரசீது இல்லை. கணினியை விற்றவர் எல்லாவற்றையும் போட்டே தந்திருந்தார். "ஐயா, இது பாவமா, வெறும் சட்டச் சிக்கலா?" என்று கேட்டார்.

சட்டம் தெளிவானது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63பி பிரிவில், திருட்டுப் பிரதி என்று அறிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துவோருக்குக் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆதாயத்துக்காகவோ தொழிலுக்காகவோ அல்லாமல் பயன்படுத்தியவரை, தக்க காரணம் இருந்தால், நீதிமன்றம் சிறையின்றி விடலாம். தொழில் செய்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆயினும் அவருடைய கேள்வி சட்டத்தோடு முடியவில்லை. 1996இல் தோல் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குற்றம் பாலாற்றில் கண்ணுக்குத் தெரிந்தது, நாறவும் செய்தது. இந்தக் குற்றம் நாறுவதில்லை. மென்பொருளை நாம் சொந்தமாக வாங்குவதுமில்லை. பயன்படுத்தும் அனுமதியையே வாங்குகிறோம். அப்படியானால் அது என்றும் இரவல் கோடரிதான். கேளாமல் எடுத்தால் அதற்கு இரவல் என்ற பெயர் பொருந்துமா?

ஒரு சனிக்கிழமை, பெங்களூருவில் கணினித் துறையில் பணியாற்றும் நம் வாலிபர் ஒருவரும் நானும் அவருடைய கூடத்தில் அமர்ந்தோம். எந்தக் கணினியில் என்ன இருக்கிறது, யாருக்கு எதற்குத் தேவை என்று ஒரு நோட்டில் எழுதினோம். பாதி மென்பொருள்களை யாரும் திறந்ததே இல்லை, அவற்றை நீக்கினோம். கடிதமும் அட்டவணையும் மட்டும் தயாரிக்கும் மூன்று கணினிகளில் லினக்ஸும் லிபர்ஆபீஸும் போட்டோம். அவை இலவசம், உடையவரே மனமுவந்து கொடுப்பவை. கணக்குக்கு ஒருவர் மட்டுமே அமர்வதால் டேலியின் ஒற்றைப் பயனர் உரிமம் போதுமானதாயிற்று. (உரிமமின்றித் திறக்கும் டேலியின் பயிற்சி முறையில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளுக்கு மட்டுமே பதிவு செய்ய இயலும். அதில் எந்தத் தொழிலையும் நடத்த முடியாது.)

வடிவம் வரையும் மென்பொருளில்தான் இடர் வந்தது. அதன் விலை அதிகம். "தையல் பெண்களின் கூலியை இரண்டு வாரம் நிறுத்திவைத்தால் சரிக்கட்டிவிடலாம்" என்றார் சகோதரர். நான் யாக்கோபு 5ஆம் அதிகாரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதாக அங்கே எழுதியிருக்கிறது. தூரத்தில் இருக்கும் நிறுவனத்துக்குச் செலுத்தவேண்டிய கடனை, பக்கத்தில் அமர்ந்து தைப்பவளின் பையிலிருந்து எடுப்பது எப்படி நேர்மையாகும்? அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அந்த மென்பொருளை அவரே நீக்கினார். மூன்று மாதங்கள் அவருடைய தகப்பனார் செய்தபடியே அட்டையில் வடிவம் வெட்டினார்கள். வேலை மெதுவானது, இரண்டு ஆர்டர்கள் கைநழுவின. கூலி மட்டும் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

சென்ற வாரம் உரிமம் வாங்கினார். எதுவரை சரிசெய்தோம், எந்தக் கணினி இன்னும் மாற்றப்படவேண்டும் என்பதை மறைக்காமல் எழுதி, வேலை தரும் நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறார். மறுமொழி இன்னும் வரவில்லை. அவருக்காகவும், அந்தக் கூடத்தை நம்பியிருக்கும் பன்னிரண்டு குடும்பங்களுக்காகவும் இந்த ஞாயிறு ஆராதனையில் ஜெபிப்போம். கடையிலோ பட்டறையிலோ இதே கேள்வி உள்ளவர்கள் சனிக்கிழமை மாலையில் என்னைச் சந்திக்கலாம். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது.