பத்தாயப் பலகையில் ஒரு ஒயின் ரேக்

தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் போகிற சாலையில் பிரிந்து கொஞ்சம் உள்ளே போனால், ரப்பர் தோட்டத்தின் ஓரமாக அந்தப் பட்டறை. தகரக் கூரை, மண் தரை. நான் போனபோது அங்கே ஒரு பத்தாயம் பிரித்துப் போட்டுக் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பி ஊரில் வீடு கட்டுகிற ஒருவர், தாத்தா காலத்துப் பத்தாயத்தைக் கொண்டுவந்து இறக்கி, 24 பாட்டில் வைக்கிற மாதிரி ஒயின் ரேக் செய்து தரச் சொல்லியிருக்கிறார். நெல் கிடந்த பலகையில் குடியா என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. ஆசாரி அதைக் காதில் வாங்கவில்லை. “எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது சாரே. பாட்டிலு எவ்வளவு தடி, எவ்வளவு நீளம், அதைச் சொன்னாப் போதும்.”

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல்லுக்கு இரண்டு போகம். அறுத்து அடித்துக் காயவைத்த நெல் பத்தாயத்துக்கு வந்து சேரும். பெரிய மரப்பெட்டி, ஈரம் ஏறாதபடி தரையிலிருந்து கால்வைத்துத் தூக்கியிருக்கும். மூலைக் கால்களில் காடி வெட்டி, பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியிருப்பார்கள். உள்ளே தடுப்புகள் உண்டு, விதைநெல்லுக்குத் தனி அறை. பாகம் பிரிந்தால் பலகை பலகையாகக் கழற்றி, இன்னொரு வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டிக்கொள்ளலாம். வயல்கள் மனைகளாகவும் வாழைத் தோட்டங்களாகவும் மாறின. மிச்சம் விதைக்கிறவர்களும் களத்திலேயே நெல்லை விற்றுவிடுகிறார்கள். பத்தாயத்தில் பழைய பாத்திரமும் கிழிந்த பாயும் கிடந்தன. பிறகு பழைய மர வியாபாரிகள் வந்தார்கள்.

இது பலா மரம். வெளியே கரும்பழுப்பேறிக் கிடந்த பலகையில் இழைப்புளி இரண்டு தடவை ஓடியதும் உள்ளே மஞ்சள் எட்டிப் பார்த்தது. பழைய மரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஆணிதான் பயம். உள்ளே ஒளிந்திருக்கும் ஒரே ஒரு ஆணி போதும், மெஷின் பிளேடு பாழ். இந்தப் பத்தாயத்தில் பூட்டுக் கொண்டியைத் தவிர இரும்பே இல்லை. காடியை உளிமுனையால் சுரண்டியபோது உமிதான் உதிர்ந்தது.

ஒயின் பாட்டிலைப் படுக்க வைப்பது அழகுக்காக அல்ல. நின்றுகொண்டே இருந்தால் நாளாவட்டத்தில் கார்க் காய்ந்து சுருங்கும். காற்று புகுந்து ஒயின் கெடும். படுத்திருந்தால் கார்க் நனைந்தே இருக்கும். திருகு மூடிக்கு இந்தக் கவலை இல்லை. 750 மில்லி பாட்டில் பொதுவாக ஏழரை, எட்டு சென்டிமீட்டர் தடி; ஷாம்பெய்ன் வகை இன்னும் கொஞ்சம் பருமன். அதனால் அறை ஒன்றுக்கு 10 சென்டிமீட்டர் என்று ஆசாரி வைத்துக்கொண்டார். அகலத்தில் ஆறு, உயரத்தில் நாலு. சட்டத்துக்குள்ளே ஐந்து நெட்டுப் பலகை, மூன்று கிடைப் பலகை. அவை குறுக்கிடும் இடங்கள் 15. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பலகையிலும் பாதி அகலத்துக்குக் காடி, ஆக 30. ஒன்றின் காடிக்குள் மற்றது இறங்கி உட்கார வேண்டும். ரேக் நிறைந்தால் 30 கிலோவுக்குப் பக்கமாக வரும் அந்தப் பாரத்தை ஆணியும் பசையும் அல்ல, பலகையே தாங்கும்.

சொல்லும்போது எளிது. ஒரு காடியில் மயிரிழை பிசகினாலும் அடுத்ததில் அது கூடும். ஆசாரியின் மருமகன் ஒரு கிடைப் பலகையை இறக்கினான். மூன்று காடியில் சுகமாக இறங்கியது, நாலாவதில் பிடித்துக்கொண்டது. பையன் கொட்டாப்புளியை எடுத்தான்.

“அடிக்காத மக்கா. பைய வெளிய எடு.”

பலகையை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துக் காட்டினார். காடியின் ஒரு கன்னத்தில் விரல்நகம் அளவுக்குப் பளபளப்பு. உரசி அழுந்திய இடம். உளியைத் தட்டாமல் உள்ளங்கையால் தள்ளி, அந்த இடத்தை மட்டும் சீவினார். காகிதம்போல ஒரு சுருள் வந்தது. மறுபடி இறக்கினான், உட்கார்ந்தது. “இன்னைக்கு அடிச்சு ஏத்தினா ஆடி மாசம் பலகை வெடிக்கும். மரம் மழைக்கு ஊதும்லா?” குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை உண்டு, ஐப்பசி கார்த்திகையிலும் உண்டு. இரண்டு பருவ மழைக்கும் ஊதிச் சுருங்க மரத்துக்கு இடம் விட்டாக வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்யும் மலிவு ரேக்குகள் இங்கே அடிப்பக்கம் உப்பிப் போவதைப் பலர் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

பட்டறைக்குப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை. 1956-ல் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான். அங்கே தாய்க் கொட்டாரத்தின் பலாத் தூணையும் பூமுகத்தின் மரக் கூரையையும் பார்த்து வாய்பிளந்து நிற்கிறவர்கள், வீடு திரும்பி ஜன்னலுக்கு யு.பி.வி.சி. போடுகிறார்கள். குறை சொல்லவும் முடியாது. நல்ல மரத்தின் விலை அப்படி. ஆனால் விலையை மரத்துக்குக் கொடுத்துவிட்டுக் கைக்குக் கொடுக்கத் தயங்குகிறோம் என்பதுதான் என் வருத்தம். ஆன்லைனில் இதே ரேக் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று போனில் படம் காட்டுகிறவர்கள் ஆசாரியிடம் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவருடைய மகன் வளைகுடாவில் அலுமினிய வேலை பார்க்கிறான். மருமகன் இந்த வேலையில் நிற்பானா என்று கேட்டேன். “கூலி சரியாக் கிடைச்சா நிப்பான்” என்றார்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பலா வேண்டாம். நம் மாவட்டத்து ரப்பர் மரம் போதும். பால் குறைந்த மரங்களை 25, 30 வயதில் வெட்டுகிறார்கள். பச்சையாக விட்டால் பூஞ்சையும் வண்டும் ஏறிவிடும் என்பதால் போரிக் கலவையில் பதப்படுத்திய பலகையாகப் பார்த்து வாங்க வேண்டும். முதலில் நாலு அறை, ஒரே ஒரு குறுக்கு. இரண்டே காடிதான்.

உங்கள் வீட்டில் பத்தாயம் கிடந்தால், வியாபாரியைக் கூப்பிடுமுன் ஓர் ஆசாரியைக் கூட்டிவந்து காட்டுங்கள். அது ஒயின் ரேக்காகுமோ, புத்தக அலமாரியாகுமோ, அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கூலியைச் சதுர அடிக் கணக்கில் பேசாதீர்கள். நாள் கணக்கில் பேசுங்கள்.