முதல் சொல்லில் இடறியது

ஹுவான் ருல்ஃபோவின் 'பெட்ரோ பராமோ' (1955) நாவலை மூலத்தில் வாசித்துவிடும் பேராசையில்தான் ஸ்பானிஷ் கற்கத் தொடங்கினேன். முதல் சொல்லிலேயே இடறினேன். 'பீனே'. அகராதியில் தேடிச் சலித்த பிறகே, அது 'பெனீர்' என்ற வினையின் இறந்தகாலம், 'வந்தேன்' என்று பொருள் எனத் தெரிந்தது. நிகழ்காலத்தில் அதுவே 'பெங்கோ'. எரிச்சலில் நூலை மூடிவிட்டேன். சில மாதங்கள் திறக்கவில்லை. பிறகுதான் உறைத்தது, நம் 'வா' மட்டும் என்ன வாழ்கிறதாம்? வா, வருகிறேன், வந்தேன். நாற்பது வயதுவரை இதை நான் கவனித்ததே இல்லை.

மீண்டும் அமர்ந்தபோது, உயிர் திரியும் வினைகள் அத்தனை மிரட்டவில்லை. 'தோர்மீர்' என்றால் உறங்குதல். உறங்குகிறேன், 'துவெர்மோ', உறங்குகிறோம், 'தோர்மீமோஸ்'. அழுத்தம் வேரின் மீது விழுந்தால் 'ஒ' உடைந்து 'உவெ' ஆகிறது. விகுதிக்கு நகர்ந்துவிட்டால் தப்பித்துக்கொள்கிறது. (இதைக் கண்டுகொண்ட இரவில் நான் உறங்கவில்லை என்பது வேறு விஷயம்.)

'ஃபுவே'தான் இன்னும் வதைக்கிறது. 'அவன் இருந்தான்', 'அவன் சென்றான்' இரண்டுக்கும் அந்த ஒரே வடிவம். சூழலை வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டுமாம். இறந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும் அந்த நாவலில், அச்சொல் வருமிடமெல்லாம் பென்சிலோடு தயங்கி நிற்கிறேன்.